மூன்று பெட்டிகளும் ஒரு கோழிப்பண்ணையும்

நான் பட்டறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஓய்வு என்று பெயர்தான். மெக்கானிக் தம்பிகளே, வாரத்துக்கு நாலு பேராவது போன் செய்கிறீர்கள். கேள்வி எல்லாம் ஒன்றுதான்: "அண்ணா, கஸ்டமர் வண்டிக்கு வேற சைலன்சர் மாட்டிட்டார். எந்த டியூனர் போடறதுங்ணா?"

எடுத்த எடுப்பிலேயே ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் நீங்கள் சந்தோஷமாகப் போனை வைத்துவிடுவீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக, நான் அசிங்கப்பட்ட கதை ஒன்றைச் சொல்கிறேன். டீ வாங்கிக்கொண்டு உட்காருங்கள். சிரிக்கலாம், ஆனால் நான் முடிக்கும்வரை வெளியில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. கம்பெனியில் போட்டு வருகிற சைலன்சருக்குத் தோதாகத்தான் வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றும். நாம் அதைக் கழற்றிவிட்டு, மூச்சு தாராளமாக விடுகிற இன்னொன்றை மாட்டினால் கணக்குக் கொஞ்சம் மாறும். முறுக்கிய திராட்டிலை விட்டதும் பின்னால் 'டப் டப்' என்று வெடிக்கும். அப்போது கம்ப்யூட்டரின் காதில் "இன்னும் கொஞ்சம் ஊற்று" என்று ஓதுகிற சின்னப் பெட்டிதான் ஃப்யூவல் டியூனர். நம் பட்டறையில் அதற்குப் பெயர் வெறும் 'பெட்டி'.

நான் கடையை மூடுவதற்கு முந்தைய வருடம், ஒரு திங்கட்கிழமை காலையில் செந்தில் வந்தார். முப்பது வயது இருக்கும். பல்லடத்துக்கு இந்தப் பக்கம் தோட்டம். இரட்டை சிலிண்டர் பைக் ஒன்று வைத்திருந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் என் கையாலேயே புது சைலன்சர் மாட்டியிருந்தேன். பின் பாதி மட்டும்தான். முன் குழாய் கம்பெனியோடதே. அன்றைக்கு வெடிச் சத்தத்தைக் கேட்டுக் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு போனவர், இப்போது முகம் சுண்டி நின்றார்.

"ஏனுங்ணா, இந்த வெடியை நிறுத்தோணுமுங்க."

"போன மாசம் அதுதான் வேணும்னீங்க?"

"எனக்கு வேணுமுங்க. கோழிக்கு வேண்டாமுங்க."

விஷயம் இதுதான். செந்திலின் வீட்டை ஒட்டி ஒரு கோழிப்பண்ணை. அதை நடத்துவது அவர் மனைவி. குஞ்சும் தீவனமும் ஒரு கம்பெனி கொடுக்கும், இவர்கள் வளர்த்துக் கொடுக்க வேண்டும். செந்தில் ஷெட்டுக்குப் பக்கத்தில் வரும்போது திராட்டிலை விடுவார், வண்டி வெடிக்கும், உள்ளே ஆயிரக்கணக்கான கோழிகளும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். போன பேட்ச்சில் அப்படிச் சில மூச்சு முட்டிச் செத்தும் போயின. கம்பெனி சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் இனிமேல் உங்கள் ஷெட்டில் குஞ்சு இறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டாராம்.

"புதுக் குஞ்சு வியாழக்கெழமை வருதுங்ணா. அதுக்குள்ள வெடி நிக்கலீன்னா வண்டி எங்க ஊட்டுக்காரம்மாவோட தம்பிக்குப் போயிருமுங்க."

"தம்பி ரைடரா?"

"இல்லீங்ணா. காரமடையில பால் ஊத்தறானுங்க. ரெண்டு பக்கமும் கேன் கட்டுவானுங்க."

அந்த வண்டியின் இரு பக்கமும் பால் கேன் தொங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உடனே அலமாரியிலிருந்து மூன்று பெட்டிகளை எடுத்து மேஜைமேல் பரப்பினேன். அங்கேதான் என் தப்பு தொடங்கியது. வண்டியை நான் ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கவில்லை.

"இது சின்னது. விவரம் கொஞ்சம் கம்மி, கம்ப்யூட்டர்கிட்ட எப்பவும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். இது நடுத்தரம். ஊருல உள்ள சைலன்சருக்கெல்லாம் மேப், அதான் பெட்ரோல் கணக்கு, இதுக்குள்ள இருக்கும், நம்மளுது எதுன்னு பார்த்துப் போட்டுக்கலாம். இது பெரிசு. இதுக்குன்னு தனி சென்சார் இருக்கு, ஓட ஓடத் தானாவே கத்துக்கும்."

செந்தில் மூன்றையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டார். "ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரனுங்ணா."

செவ்வாய்க்கிழமை நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். வீட்டில் கேட்டாராம், உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த பதில்தான் அவரை இன்னும் பயமுறுத்தியிருக்கிறது. நேரே ஊர்க் கருப்பராயன் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டிருக்கிறார்.

வெளியூர்க்காரர்கள் யாராவது இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கம் பெண் பார்ப்பது, போர்வெல் போடுவது, நிலம் வாங்குவது எதுவானாலும் சாமியிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். ஃப்யூவல் டியூனருக்குப் பூ கேட்ட முதல் ஆள் செந்தில்தான் என்று நினைக்கிறேன்.

"என்ன வந்துச்சு?"

"சின்னதுக்குச் செவப்புங்க. நடுத்தரத்துக்குச் செவப்புங்க."

"அப்பப் பெரிசுதான். நானும் அதைத்தான் நெனச்சேன்."

"அதுக்கும் செவப்புங்ணா." தலையைக் குனிந்துகொண்டார். "பூசாரியே கொழம்பிப்போட்டாருங்க. எந்தப் பொருளுங்க அதுன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியலீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முப்பது வருடமாக இன்ஜினைக் கட்டி மேய்க்கிறவன் நான். பந்தய வண்டியெல்லாம் டியூன் செய்தவன். என்னிடம் கேட்காமல் கருப்பராயனிடம் கேட்கப் போனதே எனக்குப் பொறுக்கவில்லை. கருப்பராயன் மூன்றையும் தள்ளிவிட்டது அதைவிடப் பொறுக்கவில்லை. அவர் அருவாள் பிடிக்கிற சாமி, பெட்ரோல் இன்ஜெக்ஷன் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியில் சொல்லவில்லை. தைரியம் இல்லை.

"பெரிய பெட்டியே போடறேன். சாமி குத்தம் வந்தா என் தலையில," என்றேன்.

புதன்கிழமை பெரிய பெட்டியை மாட்டி, இணையத்தில் கிடைத்த நல்ல மேப் ஒன்றை ஏற்றி அனுப்பினேன். செந்தில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து "பரவாயில்லீங்ணா" என்றார். நம் ஊரில் கஸ்டமர் "பரவாயில்லீங்க" என்று சொன்னால் உடனே நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து மறுபடியும் கேளுங்கள். வண்டி தீப்பிடித்து எரிந்தாலும் உங்கள் மனம் நோகக்கூடாது என்று அதைத்தான் சொல்வார்கள். நான் கேட்கவில்லை. பெட்டியை மாட்டிய பெருமையில் இருந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"ஏனுங்ணா, வேலையா இருக்கீங்களா? ஒண்ணுமில்லீங்க. வண்டி வெடிக்குதுங்க."

"முன்னைக்கு இப்ப எப்படி?"

"முன்னாடி பட்டாசுங்க. இப்ப வேட்டுங்க."

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு லேப்டாப்போடும் கருவிப் பையோடும் பண்ணையில் போய் இறங்கினேன். குஞ்சு வண்டி பதினோரு மணிக்கு வரும் என்றார்கள். ஷெட்டில் தரைக்குக் கடலைத்தொட்டி, அதாவது வேர்க்கடலை ஓடு, விரித்து, சுற்றிலும் திரை இறக்கி, குஞ்சுக்குச் சூடு காட்டும் விளக்குகள் எல்லாம் தயாராக இருந்தன. வாசலில் ஒரு பையன் இரண்டு காலிப் பால் கேன்களோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான்.

"நாந்தானுங்க அவங்க தம்பி. நீங்க பாருங்க, நான் தொந்தரவு பண்ண மாட்டனுங்க. அக்கா பத்தரைக்கு முடிவு சொல்றேன்னாங்க, அதான் கேனையும் எடுத்துட்டு வந்துட்டனுங்க."

செந்தில் ஓட்ட, பின்னால் நான் உட்கார்ந்தேன். லேப்டாப்பை மடியில் வைத்து இடுப்போடு துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தேன். ஷெட்டைத் தாண்டி வேப்பமரம் வரை போவோம், திராட்டிலை விடுவோம், 'டமார்' என்று வெடிக்கும், நான் ஒரு எண்ணை மாற்றுவேன், திரும்பி வருவோம். பெட்ரோலைக் கூட்டினேன், வெடித்தது. குறைத்தேன், வெடித்தது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன், இன்னும் சந்தோஷமாக வெடித்தது. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் அந்தப் பையன் அனுதாபமாகத் தலையசைப்பான். நாலாவது தடவை நாங்கள் நிறுத்தியபோது பக்கத்தில் வந்து, பின் சீட்டைச் சாண் வைத்து அளந்தான்.

"சும்மா பாக்கறனுங்க," என்றான்.

அப்போது செந்திலின் மனைவி வந்தார். நான் பயந்தபடி கத்துகிற ஆள் இல்லை. எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"கோவிச்சுக்காதீங்ணா, எனக்கு வண்டி தெரியாதுங்க. இது எதனால வெடிக்குதுங்க?"

விளக்கினேன். எரியாத பெட்ரோல் குழாய்க்குள் போகிறது, அங்கே சூட்டில் காற்றோடு சேர்ந்து பற்றிக்கொள்கிறது. சுருக்கமாக, நிதானமாக, பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

"குழாய்க்குள்ள காத்து எப்படீங்ணா வரும்?"

லேப்டாப்பைத் திறந்து எண்களைப் பார்த்தேன்.

"ஷெட்டுல எங்கியாச்சும் சந்து இருந்து காத்துப் பூந்தா, குஞ்சு பூராத்தையும் சளி புடிச்சுக்குமுங்க," என்றார் அவர். "திரையெல்லாம் கட்டிப்போட்டு ஊதுபத்தியைக் கொளுத்திச் சுத்தி வருவனுங்க. பொகை எங்க ஆடுதோ அங்க சந்துங்க. இதுக்கும் அப்படிப் பாக்கலாமுங்களா? தப்பா இருந்தா உட்ருங்க."

பதில் வருவதற்குள் ஊதுபத்தி வந்துவிட்டது. செந்தில் வண்டியை ஸ்டார்ட் செய்தார். அம்மணி குனிந்து, முன் குழாயிலிருந்து புகையை மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். புகை நேராக மேலே போனது. இன்னும் பின்னால் வந்தார், நேராகவே போனது. பழைய குழாயும் புது சைலன்சரும் சேருகிற இடத்துக்கு வந்ததும், புகை விக்கல் எடுத்த மாதிரி விட்டு விட்டுத் துள்ளியது.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த இணைப்புக்குள் சந்து விழாமல் அடைக்கிற கேஸ்கெட் வளையம் ஒன்று உண்டு. சைலன்சர் மாற்றும்போதெல்லாம் புதிதாகப் போட வேண்டும். போன மாதம் கடையில் ஸ்டாக் இல்லை. நசுங்கிப்போன பழைய வளையத்தையே, இப்போதைக்குப் போதும் என்று உள்ளே திணித்து முடுக்கியிருந்தேன். அந்தச் சந்து வழியாகத்தான் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் மாட்டிய பெரிய பெட்டி அந்தக் காற்றுக்கு மேலும் பெட்ரோல் ஊற்றிக் கொடுத்திருக்கிறது.

தம்பிகளே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் என்ன செய்ய நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். லேப்டாப்பில் பத்து நிமிடம் எதையாவது தட்டலாம். 'குழாயைக் கொஞ்சம் பார்க்கிறேன்' என்று குனிந்து, சத்தமில்லாமல் வளையத்தை மாற்றலாம். எழுந்து நின்று 'மேப் செட் ஆகிவிட்டது' என்று சொல்லலாம். யாருக்கும் தெரியாது. பெட்டியும் வண்டியிலேயே இருக்கும், என் பேரும் இருக்கும். என் விரல் லேப்டாப்மேல் போய்விட்டது. இரண்டு எழுத்துத் தட்டியும் விட்டேன்.

அம்மணி ஊதுபத்தியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகமாகப் பார்த்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன். "கண்டுபுடிச்சிட்டீங்களாங்ணா?" என்று நம்பிக்கையாகக் கேட்டுத் தொலைத்தார்.

"நான்தான் அம்மணி," என்றேன். "போன மாசம் பழைய வளையத்தையே போட்டு அனுப்பிட்டேன். தப்பு என் மேல. பெட்டியால ஆகற காரியமே இல்ல இது."

அம்மணி ஊதுபத்தியை அணைத்தார்.

"அப்பப் பெட்டி வேண்டாமுங்களா?" என்று செந்தில் கேட்டார்.

"வேண்டாம்."

"மூணுமேங்களா?"

"மூணுமே."

செந்தில் கோயில் இருந்த திசையில் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, நானும் போட்டுக்கொண்டேன்.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. வேறொருவர் வண்டிக்கென்று வாங்கிய புது வளையம் பையில் கிடந்தது, அதே அளவு. ஆனால் குழாய் தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது, கையே வைக்க முடியவில்லை. அம்மணி ஷெட்டிலிருந்து ஒரு பெரிய ஃபேனை இழுத்துவந்து வண்டிக்குக் காற்று விட்டார். பையன் வாட்சைப் பார்த்தான். நான் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டு, பழைய வளையத்தைப் பிடுங்கிப் புதியதைப் போட்டு முடுக்கினேன். பெட்டியையும் கழற்றிப் பைக்குள் போட்டேன். பத்தரை தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அக்கா தம்பியைப் பார்க்கவில்லை, தம்பி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செந்தில் தனியாகப் போனார். வேப்பமரம் வரை வேகமாகப் போய்த் திரும்பி, ஷெட் பக்கத்தில் வந்து திராட்டிலை விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'கும்' என்று ஒரு நல்ல அடிக்குரல் மட்டும் கேட்டது. வெடி இல்லை. மறுபடியும் போனார், வந்தார். இல்லை. ஐந்து தடவை போய்வந்தார். ஐந்தாவது தடவை தேவையே இல்லை, சந்தோஷத்தில் போனார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் கண் கலங்கியிருந்தது. அம்மணி சிரித்தார். அந்தப் பையன் மட்டும் கேன்களைப் பார்த்துக்கொண்டு, "நல்லதாப் போச்சுங்க," என்று மரியாதையாகச் சொன்னான்.

சொன்ன நேரத்துக்குக் குஞ்சு வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக இறக்கிக் குஞ்சுகளை விளக்கடியில் விட்டார்கள். மஞ்சள் நிறத்தில் கீச்சுக் கீச்சென்று ஷெட்டே நிறைந்துவிட்டது. சூப்பர்வைசரும் வந்திருந்தார், திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு டீயும் முறுக்கும் வந்தன. நான் பட்ட அவமானம் அரை மணி நேரத்தில் ஆறிப்போய்ப் பழைய பெருமை திரும்பிவிட்டது. வாசலில் நின்று எல்லோருக்கும் வகுப்பு எடுத்தேன்.

எடுத்த வகுப்பு சரியானதுதான், அதனால் உங்களுக்கும் சொல்கிறேன். முன் குழாயிலிருந்து கடைசிவரை முழுசாக மாற்றிய வண்டிக்குப் பெட்டி கட்டாயம் வேண்டும். அப்போது மேப் ஏற்றி டைனோவில், அதாவது நின்ற இடத்திலேயே வண்டியை ஓட்டிச் சோதிக்கிற மெஷினில், ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும், அங்கே கஞ்சத்தனம் கூடாது. பின் பாதி மட்டும் மாற்றிய வண்டிக்குப் பல தடவை ஒன்றும் வேண்டாம். எதுவானாலும் எந்தப் பெட்டி என்று கேட்பதற்கு முன்னால், பெட்டி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் நாம் முடுக்கிய போல்ட்டைப் போய்ப் பாருங்கள். வண்டி ஏதோ சொல்கிறது, காது கொடுத்துக் கேட்க வேண்டும், காதுதான் மெக்கானிக்குக்கு முதல் கருவி என்று சூப்பர்வைசரின் தோளைத் தட்டிச் சொன்னேன். அவரும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்.

பிறகு என் வண்டியில் ஏறினேன். இருபது வருடமாக நான் ஓட்டுகிற பழைய வண்டி. ஷெட்டைத் தாண்டும்போது எல்லோருக்கும் கையசைக்கலாம் என்று திராட்டிலை விட்டேன்.

'டமார்!'

உள்ளே அத்தனை குஞ்சுகளும் ஒரே நொடியில் வாயை மூடின. அப்புறம் ஒன்றாகக் கத்தின. அம்மணியும் செந்திலும் ஷெட்டுக்குள் ஓடினார்கள், சூப்பர்வைசர் முறுக்கோடு ஓடினார். நான் அப்படியே இன்ஜினை அணைத்து, காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். ஊரார் வண்டியில் இருக்கிற பொட்டு வெடியெல்லாம் கேட்கிற காது, இத்தனை வருடம் தினம் என் பின்னால் வெடித்ததைக் கேட்டதே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மணி வெளியே வந்தார். குஞ்சு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை, விளக்கடியிலேயே இருந்துவிட்டன என்றார். உயிர் வந்தது. பிறகு அவர் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

இறங்கி வண்டியைத் தள்ளினேன். மெயின் ரோடு ஒன்றரைக் கிலோமீட்டர், நடுவில் ஒரு மேடு. மேட்டில் மூச்சு வாங்கியபோது வண்டி திடீரென்று லேசானது. திரும்பிப் பார்த்தால், காரமடைப் பையன் பின்னால் வந்து தள்ளிக்கொண்டிருந்தான். ஒரு கையால் தள்ளினான். இன்னொரு கை என் பின் சீட்டைச் சாண் போட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க," என்றான், மிகுந்த மரியாதையோடு. "இந்த வண்டியைக் குடுக்கற ரோசனை ஏதாச்சும் இருக்குங்களா?"